நகலுக்கும் ஒரு விலாசம் உண்டு

வடசென்னையில் எம்.கே.பி. நகர் என்றால் எல்லாருக்கும் தெரியும். மகாகவி பாரதி நகர் என்று விரித்துச் சொன்னால்தான் சிலர் ஒரு கணம் யோசிப்பார்கள். வியாசர்பாடியை ஒட்டிய தாழ்வான பகுதி இது. பெருமழை பெய்தால் தண்ணீர் முதலில் தெருவில் நிற்கும். பிறகு படியேறி வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் அப்படி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மொட்டைமாடிகளில் வெயிலுக்குக் காய்ந்தவை துணிமணிகள் மட்டுமல்ல. மதிப்பெண் சான்றிதழ்கள், ரேஷன் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், பிறப்புச் சான்றுகள் எல்லாம் அங்கே காய்ந்தன. மை கரைந்து நீலப் புகைபோலப் படிந்த காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களுள் ஒரு தாயார் மிகவும் முன்யோசனை உள்ளவர். மகளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். எங்கே வைத்திருந்தார்? மூலச் சான்றிதழோடு சேர்த்து, அதே பிளாஸ்டிக் உறையில், அதே பீரோவின் அடித்தட்டில். நான்கும் ஒன்றாக ஊறிப்போயின.

மாணவ நண்பர்களே, சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நகல் எடுத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நாம் நம்புகிறோம். அந்த நகல் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் பெரிய பெரிய கணிப்பொறி நிலையங்களும் திண்டாடியிருக்கின்றன. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்தத் தாயாரின் மகளுக்குப் பிறகு சான்றிதழ் கிடைத்துவிட்டது. 2015 வெள்ளத்திற்குப் பின் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் அரசு சிறப்பு முகாம்களை நடத்தி, அழிந்த ஆவணங்களுக்குப் பதில் நகல்களைக் கட்டணமின்றிக் கொடுத்தது. எப்படிக் கொடுக்க முடிந்தது? தேர்வுத் துறையின் பதிவேட்டில் அந்த மதிப்பெண்கள் இருந்தன. அந்தப் பதிவேடு எம்.கே.பி. நகர் பீரோவில் இல்லை. வேறோர் இடத்தில், வேறோர் உயரத்தில் இருந்தது. அவளைக் காப்பாற்றியது அந்த வேறோர் இடம்தான்.

இப்போது கணிப்பொறிக்கு வருவோம். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, பள்ளி மதிப்பெண் போன்றவற்றை ஒழுங்காக அடுக்கி, கேட்ட நொடியில் எடுத்துத் தரும் பெரிய மின்னணுப் பதிவேட்டைத் தரவுத்தளம் என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே பொருளாகத் தோன்றும். உள்ளே அப்படியில்லை. கணக்குகள் அடங்கிய கோப்பு ஒரு வட்டில் இருக்கும். தேடுவதற்கு உதவும் அட்டவணை இன்னொரு வட்டில் இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் நிகழ நிகழ எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்பு ஒன்றும் உண்டு. அதை மூன்றாவது வட்டில் வைப்பார்கள். ஏன் இப்படிப் பிரித்து வைக்கிறார்கள்? வேகம் ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. கணக்கு வட்டு கெட்டுப்போனால், நேற்றிரவு எடுத்த நகலை எடுத்து வைத்து, அதன்மேல் இன்று காலையிலிருந்து நாட்குறிப்பு சொல்லும் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தால், கடைசி நிமிடம் வரை கணக்கு திரும்பிவிடும். நாட்குறிப்பும் அதே வட்டில் இருந்திருந்தால் இன்றைய நாள் முழுவதும் போயிற்று.

ஒரே கட்டடத்துக்குள் வட்டு மாற்றி வைத்தால் போதுமா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முற்றிலும் எரிந்தது. இலட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. நகல் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்த சில வாடிக்கையாளர்களின் நகலும் அதே இடத்தில் இருந்ததால் அதுவும் சாம்பலாயிற்று. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. அது அளவில் மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் எடுக்கப்படவில்லையாம். நம் தாயார் மூன்று ஜெராக்ஸாவது எடுத்திருந்தார்!

"இப்போதெல்லாம் எல்லாம் மேகத்தில் இருக்கிறதே, சார்" என்று உங்களில் ஒருவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. மேகம் என்ற சொல்தான் எனக்குப் பிடிக்காதது. மேகத்திற்கு ஊர் கிடையாது; ஆனால் உங்கள் படங்களும் பாடங்களும் இருக்கும் இடத்திற்கு ஊர் உண்டு, தெரு உண்டு, கதவிலக்கம் உண்டு. நம் சென்னையிலேயே அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அத்தகைய கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், தண்ணீர் புகாத தரை வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் எரிந்ததும் "மேகம்"தான்.

இதுவரை சொன்னது எளிய பாதி. நகலைத் தொலைவில் வை என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்று ஒரு விதிகூடப் புகழ்பெற்றிருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்த நகலைத் திரும்பக் கொண்டுவந்து எங்கே இறக்குவது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. என் வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பகுதியில் ஒரு மருந்துக்கடை. மிக்ஜாம் புயலில் மேசைக்கு அடியில் இருந்த கணிப்பொறி முழுகிவிட்டது. கடைக்கார அண்ணாச்சி கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கணக்கை ஒரு வெளிவட்டில் நகல் எடுத்து, பெரம்பூரில் இரண்டாம் மாடியில் இருக்கும் தம் அக்காள் வீட்டில் கொடுத்து வைப்பார். விதியெல்லாம் அவர் படித்ததில்லை. தண்ணீரைப் பார்த்துப் பழகியவர், அவ்வளவுதான். ரிச்சி தெருவில் புதுக் கணிப்பொறி வாங்கி வந்தார். பழுது பார்க்கும் பையன் வந்து நகலை ஏற்றினான். ஏறவில்லை.

"அண்ணாச்சி, இது 'டி' வட்டைக் கேக்குது. புது மெஷின்ல 'சி' மட்டும்தான் இருக்கு."

"ஏன் தம்பி, கணக்கு அந்த டப்பாக்குள்ளதானே இருக்கு? எடுத்து எங்க வேணா வைக்க வேண்டியதுதானே?"

அண்ணாச்சி கேட்டது மிக நியாயமான கேள்வி. அதற்கு அந்தப் பையனுக்கு உடனே விடை தெரியவில்லை. நான்கு நாள் கடை கையெழுத்து ரசீதில் ஓடியது.

விடை இதுதான். தரவுத்தளத்தின் முழு நகலில் சரக்கு மட்டும் இருப்பதில்லை. எந்தக் கோப்பு எந்த வட்டில், எந்த அடுக்கில், எந்தப் பெயரில் இருந்தது என்ற விலாசமும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். திருப்பி ஏற்றும்போது நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், மென்பொருள் அந்தப் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு போகும். தபால்காரரைப் போல அது கடமை தவறாதது. விலாசத்தில் வீடே இல்லை என்றால் நின்றுவிடும். வீடு இருந்தும் சிறியதாக இருந்தால், பாதிச் சாமானை இறக்கிவிட்டு இடமில்லை என்று நிற்கும். சில மென்பொருள்கள் முன்கூட்டியே அளந்து பார்த்துச் சொல்லிவிடும்.

இந்த இரண்டும் தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. மூன்றாவது நிலைமைதான் ஆபத்து. எங்கள் எம்.கே.பி. நகரை அறிந்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். இங்கே தெருக்களுக்கு எண்தான் பெயர். மத்திய குறுக்குத் தெருக்களுக்கும் எண்கள் உண்டு. கிழக்குக் குறுக்குத் தெருக்களுக்கும் எண்கள் உண்டு. "பன்னிரண்டாவது குறுக்குத் தெரு" என்று மட்டும் எழுதினால் கடிதம் திரும்பி வராது. ஏதோ ஒரு பன்னிரண்டாவது குறுக்குத் தெருவில், ஏதோ ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே வேறு குடும்பம் இருக்கும்.

ஒரு பள்ளி அலுவலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு படித்துப் போன மாணவி ஒருத்தியின் மதிப்பெண் தேவைப்படுகிறது. சென்ற ஆண்டு நகலை எடுத்து அலுவலகக் கணிப்பொறியிலேயே ஏற்றுகிறார்கள். அந்த நகலில் எழுதியிருக்கும் விலாசத்தில் இப்போது இந்த ஆண்டுப் பதிவேடு உயிரோடு குடியிருக்கிறது. நல்ல மென்பொருள் வாசலில் நின்று, "இங்கே ஆள் இருக்கிறது, மேலே எழுதிவிடட்டுமா?" என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் என்ன சொல்வார்? ஆம் என்று அழுத்திவிடுவார். ஒருத்தியின் பழைய மதிப்பெண்ணுக்காகப் பள்ளி முழுவதற்குமான புதிய மதிப்பெண்கள் போய்விடும். தீ இல்லை, வெள்ளம் இல்லை. காப்பாற்ற வைத்திருந்த நகலே அழித்துவிட்டது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. சென்னையில் பழைய வீடுகளின் கதவைப் பார்த்திருப்பீர்கள்: பழைய எண் இத்தனை, புதிய எண் இத்தனை என்று இரண்டும் எழுதியிருக்கும். மாநகராட்சி எண்களை மாற்றியபோது பழைய விலாசத்தோடு வருபவர் தடுமாறாமல் இருக்க ஏற்பட்ட பழக்கம் அது. தரவுத்தளத்தை வேறிடத்தில் இறக்கும்போதும் இதே வேலைதான். பழைய விலாசம் இது, இனி அதற்குப் பதில் புதிய விலாசம் இது என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் இதற்கு 'மூவ்' என்று ஒரு சொல் உண்டு. ஆரக்கிளில் 'செட் நியூநேம்'. ஐ.பி.எம்.மின் டி.பி.2-வில் நகலை ஏற்றுவதை நடுவில் நிறுத்தி, புதிய இடங்களைச் சொல்லிவிட்டுத் தொடரச் சொல்வார்கள். சொல் எதுவானாலும் தத்துவம் ஒன்று. அண்ணாச்சியின் கடையில் ஐந்தாம் நாள், மென்பொருள் விற்றவர்கள் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தபடி, அந்தப் பையன் இதைச் செய்து முடிக்கச் சில நிமிடங்களே பிடித்தன. நான்கு நாளும் சில நிமிடமும்! இந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் குறைப்படுகிறேன். பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு நகல் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இறக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

டி.பி.2 மென்பொருளில் தரவு தங்கும் இடத்திற்கு என்ன பெயர் தெரியுமா? 'கண்டெய்னர்'. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு இந்தச் சொல் புதிதில்லை. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் தொடங்கியதிலிருந்து, நம் சாலைகளில் இரவும் பகலும் லாரிகளில் போகும் இரும்புப் பெட்டிகள் அவைதாம். அடுத்த முறை பெட்டியின் கதவைக் கவனித்துப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் எழுதியிருக்கும். கடைசி இலக்கம், முன்னே உள்ளவற்றைப் படிப்பதில் பிழை நேர்ந்ததா என்று சோதிக்க உதவுவது. உலகம் முழுவதும் ஒரே முறை. அந்த எண்ணில் பெட்டி எங்கே இருக்கிறது என்பது எழுதப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முனையத்தில் எந்தப் பகுதியில், எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்பதை வேறொரு பதிவேடு சொல்லும். பெட்டி சிங்கப்பூரில் இறங்கினால் அங்குள்ள பதிவேடு அந்த ஊர் இடத்தைச் சொல்லும். பெட்டியின் மேல் பெயிண்டால் "ராயபுரம், மூன்றாம் வரிசை" என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு துறைமுகத்திலும் அழித்து எழுத வேண்டியதுதான். பெயர் வேறு, இடம் வேறு. இரண்டையும் ஒன்றாக ஒட்டி வைத்தவர்கள்தான் வெள்ளத்துக்குப் பிறகு நான்கு நாள் காத்திருக்கிறார்கள்.

இது கணிப்பொறிக் காலத்து அறிவு மட்டும் என்று எண்ண வேண்டாம். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் திருமழபாடி என்ற ஊர் இருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர்க் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். கோயில் சுவர்களில் இருந்தவையோ கல்வெட்டுகள். அவை யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்ற கணக்குகள். சுவரை இடித்தால் கணக்கும் போகும். ஆகவே இடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். புதிய சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டது அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில். அதாவது 1012-ஐ ஒட்டி எடுத்த நகல், 1026-ஐ ஒட்டி இறக்கப்பட்டது. புதிய சுவரின் கற்கள் பழைய சுவரின் கற்கள் அல்ல. ஆனாலும் செய்தி புதுக் கல்லில் குடியேறியது. இவ்வாறு படியெடுத்து வெட்டிய கல்வெட்டுகளில் இது ஒரு 'பழங்கற்படி' என்று குறிக்கும் வழக்கமும் இருந்தது. இது நகல், இதன் மூலம் வேறொரு கல்லில் இருந்தது என்று படிப்பவனுக்குச் சொல்லிவிடுகிறார்கள். நம் பென்டிரைவ்களில் "புதியது", "புதியது-2", "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயரிட்டு வைத்திருக்கிறோமே, அதைவிட இது எவ்வளவோ மேல்.

நகலைத் தொலைவில் வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. மேர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்தின் கணிப்பொறிகள் அழிந்தன. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையம்கூட வேலை செய்ய முடியாமல் நின்றது. யார் யாருக்கு எந்தக் கணிப்பொறியில் அனுமதி என்ற மூலப் பதிவேட்டை அந்நிறுவனம் உலகின் பல ஊர்களில் சுமார் 150 கணிப்பொறிகளில் வைத்திருந்தது. நூற்றைம்பது நகல்கள்! ஆனால் அவை ஒன்றோடொன்று இடைவிடாமல் பேசி ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. தப்பியது ஒன்றே ஒன்று. அது ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு! இணைப்பு அறுந்திருந்ததால் நச்சு அதை எட்டவில்லை. இங்கிலாந்துக்கு இணையம் வழியாக அனுப்பினால் நாட்கணக்கில் ஆகும் என்பதால், அந்த வட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஊழியர் நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே இன்னொருவர் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் பறந்தார். மின்வெட்டைத் திட்டியே பழகிய நமக்கு இந்தக் கதை கொஞ்சம் ஆறுதல்.

வரைபடத்தில் நூற்றைம்பது இடங்கள். ஆனால் நச்சு நிரலின் கண்ணில் ஒரே இடம். கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் "மேக"த்திலும் அது சேர்ந்து அழிவதைப் பார்த்திருப்பீர்கள். அது நகல் அல்ல, கண்ணாடி. அண்ணாச்சியின் அக்காள் வீட்டு வெளிவட்டு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர அது எதனோடும் இணைக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. தரவு பத்திரமாக இருந்தும் வேலை நிற்கலாம். 2021 மார்ச் 8 அன்று கொல்கத்தாவில் ரயில்வேயின் நியூ கொய்லாகாட் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தனர். கிழக்கு இந்திய ரயில்களுக்கான முன்பதிவுக் கணிப்பொறி மையம் அதே கட்டடத்தில் இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்ததும் பல மாநிலங்களில் பயணச்சீட்டுப் பதிவு தடைப்பட்டது. ஸ்ட்ராஸ்பூர்க் தீக்கு இரண்டே நாள் முன்பு நடந்தது இது. வேறிடத்தில் இறக்கி ஓட்டிப் பழகுவது எவ்வளவு அவசியம் என்பதற்காகச் சொல்கிறேன். நம் தேசியப் பங்குச் சந்தை 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, இதற்கென்றே சிறப்பு வணிக அமர்வு நடத்தி, நடுவில் மூல நிலையத்திலிருந்து மாற்று நிலையத்துக்கு மாறிக் காட்டியது. பெரியவர்கள் இதை விடுமுறை நாளில் ஒத்திகை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் ஏன் பார்க்கக்கூடாது?

நம் மேல்நிலைப் பள்ளிக் கணிப்பொறிப் பாடத்தில் தரவுத்தளம் இருக்கிறது. அட்டவணை உருவாக்கு, சேர், நீக்கு, தேடு என்று ஆய்வகப் பயிற்சிகளும் இருக்கின்றன. நகலை எடுத்து வேறு கணிப்பொறியில் இறக்கிக் காட்டு என்று ஒரு பயிற்சியையும் சேர்க்க வேண்டும்; அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நேரமில்லை என்பார்கள். ஒரு மணி நேரம் போதும். கருவி இல்லை என்பார்கள். இரண்டு பழைய கணிப்பொறிகளும் ஒரு பென்டிரைவும் போதும்.

ஆசிரியரின் அனுமதி பெற்று நீங்களே செய்து பாருங்கள். உண்மையான பள்ளிப் பதிவேட்டைத் தொட வேண்டாம். இருபது மாணவர்களின் கற்பனைப் பெயர்களும் மதிப்பெண்களும் கொண்ட சிறு தரவுத்தளம் ஒன்றை முதல் கணிப்பொறியில் 'டி' வட்டில் அமையுங்கள். நகல் எடுங்கள். 'டி' வட்டே இல்லாத இரண்டாவது கணிப்பொறியில், முதலில் எதுவும் சொல்லாமல் ஏற்றிப் பாருங்கள். திரையில் வரும் பிழைச் செய்தியை நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பழைய விலாசம், புதிய விலாசம் என்று இரண்டு பத்தி போட்ட பட்டியல் தயாரித்து, அதன்படி மீண்டும் ஏற்றுங்கள். இருபது பெயரும் வந்தனவா என்று எண்ணுங்கள். கடிகாரம் பார்த்து எத்தனை நிமிடம் பிடித்தது என்று குறியுங்கள்.

அண்ணாச்சியின் கடையில் இப்போது அப்படியொரு பட்டியல் இருக்கிறது. வெளிவட்டின் உறையிலேயே மடித்து வைத்திருக்கிறார். புயலுக்கு முந்தைய ஒரு வாரத்துக் கணக்கு மட்டும் அவருக்குத் திரும்பவே இல்லை. நாட்குறிப்புக் கோப்பு முழுகிய கணிப்பொறியிலேயே போய்விட்டது. கடன் சொல்லி மருந்து வாங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தாங்களே தொகையைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்களாம். "எல்லாரும் வந்தாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ரெண்டு பேர் வரல தம்பி. அதுல ஒருத்தர் வீட்டுக்குள்ள தண்ணி" என்றார்.